நீல டப்பா பெப்பர்மிண்ட்

சனிக்கிழமை மதியம் மார்ச்சே தன் சமையலறை ஜன்னலுக்குத் திரை போட்டாள். அந்தத் தெருவில் பகலில் திரை விழுந்தால் வீட்டில் சாவு என்று அர்த்தம். மற்ற நாளெல்லாம் எல்லா வீட்டு ஜன்னலும் பளிச்சென்று இருக்கும். போகிறவர் வருகிறவர் எல்லாம் உள்ளே என்ன சூப் கொதிக்கிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம். எங்கள் வீட்டில் ஒளிக்க ஒன்றுமில்லை என்று காட்டிக்கொள்வதில் அந்த ஹாலந்துக் கடலோர ஊருக்கு அப்படியொரு பெருமை. ஒளிக்க வேண்டியது இல்லாமலா இருக்கும்? ஜன்னலுக்கு எட்டாத இடத்தில் வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

ஐந்து நிமிஷம் ஆகவில்லை, கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டு அலீடா. மார்ச்சேயின் கொழுந்தன் லேன்டர்ட்டின் மனைவி. கையில் மாவு ஒட்டியிருந்தது, கழுவக்கூட நிற்காமல் ஓடி வந்திருந்தாள்.

"யாரு போனது?"

"யாரும் போகல. வெயில் கண்ணக் கூசுச்சு, அதான்."

அலீடா திரும்பி வானத்தைப் பார்த்தாள். மூன்று நாளாக விடாத மழை. "எந்த வெயில்?"

"தலைவலி அலீடா. வெளிச்சம் பட்டாலே குத்துது."

"அத முதல்லயே சொல்றதுக்கு என்ன? கிரைன் அத்தானுக்குத்தான் என்னமோன்னு எனக்கு உசுரே போயிடுச்சு." அவள் எட்டி உள்ளே பார்க்க முயன்றாள். மார்ச்சே கதவை அகலமாகத் திறக்கவில்லை. அலீடா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். இனி வாரம் முழுக்க இதைப் பேசுவாள்.

உள்ளே மேஜைமேல் ஒரு தட்டு. அதில் வரிசையாக வெள்ளை பெப்பர்மிண்ட் மிட்டாய்கள். பக்கத்தில் இருமல் மருந்துச் சீசா. அதற்குள் இருந்தது இருமல் மருந்தல்ல. தாரைப்போலக் கறுத்துக் கெட்டியான கஞ்சா எண்ணெய். சொட்டுக்குழாயால் ஒவ்வொரு மிட்டாயின் நடுவிலும் ஒரு சொட்டு விட்டாள். சுண்ணாம்புக் கட்டிபோன்ற அந்த மிட்டாய் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு மெல்லப் பழுப்பேறியது. காய்ந்ததும் மேலே சர்க்கரைத்தூளைத் தூவி நீல டப்பாவில் அடுக்கினாள். சிவப்பு டப்பா அவளுடையது, அதில் சாதா பெப்பர்மிண்ட். நீல டப்பா அவள் கணவன் கிரைனுக்கு. அதில் என்ன இருக்கிறது என்று கிரைனுக்குத் தெரியாது.

தெரிந்தால் டப்பா கடலுக்குப் போகும், மார்ச்சே எங்கே போவாள் என்று அவளுக்கே தெரியாது.

கிரைனுடைய குடும்பத்தில் மச்சம் என்றாலே குலைநடுங்கும். அவன் அப்பா நாற்பத்தாறு வயதில் முதுகில் இருந்த ஒரு மச்சம் புற்றாகிச் செத்தார். பெரியப்பா, இரண்டு அத்தைகள், எல்லாரும் அப்படியே. இந்த ஊர் ரத்தத்திலேயே பரம்பரையாக ஒரு பிழை ஓடுகிறது என்று நகரத்து ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்துச் சொன்னார்கள். கண்டுபிடித்து என்ன பயன், ரத்தத்தை மாற்றவா முடியும்? கிரைனுக்குத் தோளில் வந்தது. வெட்டி எடுத்தார்கள். மறு வருஷம் தம்பி லேன்டர்ட்டுக்குக் கெண்டைக்காலில் வந்தது. அதையும் வெட்டினார்கள். பிறகு இருவருக்கும் நுரையீரலில் புள்ளிகள் விழுந்தன. முப்பது வருஷம் ஒரே படகில் மீன் பிடித்தவர்கள், இப்போது மூன்று வாரத்துக்கொருமுறை ஒரே காரில் போய், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் சாய்ந்து, ஒரே மருந்தை ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

அந்த மருந்து புற்றை நேராகத் தொடாது. தூங்கிக்கிடக்கும் உடம்பின் காவலை உசுப்பி எழுப்பிவிடும். மிச்சத்தை அந்தக் காவலே பார்த்துக்கொள்ளும் என்று டாக்டர் ஃபெனமா விளக்கியிருந்தார். எழுந்த காவல் கிரைனின் மூட்டுகளையும் சேர்த்துக் கடித்தது. சட்டைப் பொத்தான் போட முடியாது, தூக்கம் கிடையாது. லேன்டர்ட்டுக்கு முதுகில் வலி, அதோடு வாய் செத்துப்போனது. "நாக்கா இது, மரக்கட்டை. உப்புக்கருவாட்டத் தின்னாலும் காகிதத்தத் தின்ன மாதிரி இருக்கு" என்பான்.

கிரைன் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல்தான் மார்ச்சே ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் மணல்மேட்டுக்குப் பின்னாலிருந்த தீனாவின் வீட்டுக்குப் போனாள். போக அவளுக்கு முகம் இல்லை. தீனாவின் மகன் தக்காளிக் கண்ணாடிக்குடிலில் தக்காளியோடு தக்காளியாகக் கஞ்சாவும் வளர்த்தவன். அப்போது கிரைன் சபை மூப்பர். போதை வளர்க்கிற கைக்குத் திருவிருந்து கிடையாது என்று ஒரு வருஷம் அவனை விலக்கிவைத்த தாளில் முதல் கையெழுத்து கிரைனுடையது. அன்றைக்குச் சபையை விட்டு வெளியேறிய தீனா இன்றுவரை திரும்பவில்லை.

"என் மகனுக்கு அப்பமும் ரசமும் இல்லன்னு எழுதுச்சே, அந்தக் கைக்கா வலி?" என்று தீனா கேட்டாள்.

"ஆமா தீனா. பொத்தான்கூடப் போட முடியல."

தீனா உள்ளே போய்ச் சீசாவைக் கொண்டுவந்தாள். "ஒரு சொட்டுதான். அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாமக் குடுக்குறதுன்னா பக்கத்துலயே நின்னு பாத்துக்கோ. குடுத்துட்டு வேற வேலையப் பாக்கப் போயிடாத."

மார்ச்சே தலையாட்டினாள். தலையாட்டுவது எளிது. பக்கத்தில் நிற்பது எப்படி? அந்தச் சபையில் ஆண்கள் சுவரோரம், பெண்கள் நடுவில். காலையில் ஓர் ஆராதனை, மாலையில் ஓர் ஆராதனை. போதகர் எதை எடுத்தாலும் மூன்று பங்காகப் பிரித்துத்தான் பேசுவார். ஒவ்வொரு பங்கு தொடங்கும்போதும் ஒரு பெப்பர்மிண்ட் வாய்க்குப் போகும். சபை முழுக்க ஒரே நேரத்தில் டப்பாக்கள் கிளிக் கிளிக்கென்று திறக்கும். வீட்டில் கிரைன் இனிப்பைத் தொடமாட்டான். பெப்பர்மிண்ட் மட்டும் அவனுக்குச் சபை ஒழுங்கில் சேர்த்தி. ஞாயிறு காலை மார்ச்சே நீல டப்பாவை அவன் கோட்டுப் பையில் வைப்பாள். அடுத்த சனிக்கிழமை டப்பா காலியாக அலமாரிக்குத் திரும்பியிருக்கும். வாரநாளிலும் சாப்பிடுகிறான் போல என்று அவள் நிம்மதியாக இருந்தாள். நடுவரிசையிலிருந்து பார்த்தால் சுவரோரத்தில் அண்ணன் தம்பி இருவரின் பிடரிதான் தெரியும்.

மே மாதத்து ஞாயிறு ஒன்றில், போதகர் யோனாவின் கதையில் இரண்டாம் பங்குக்கு வந்தார். மீன் யோனாவைக் கரையில் கக்கிப்போட்டது என்று கனத்த குரலில் சொன்னார். சுவரோரத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். லேன்டர்ட். அடக்கப் பார்த்து, முடியாமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான். அந்தச் சபையில் கடைசியாக யார் சிரித்தார்கள் என்று சொல்ல உயிரோடு ஆள் கிடையாது.

வெளியே வந்ததும் அலீடா பொரிந்து தள்ளினாள். "மானம் போச்சு! என்னத்துக்கு அப்படிச் சிரிச்ச?"

"மூணு நாள் வயித்துல வெச்சிருந்து மீனுக்கே புடிக்கலயேன்னு நினைச்சேன், சிரிப்பு வந்துடுச்சு."

"அதுக்கு? மூணாம் பங்குல குறட்டை வேற!"

"விடு அலீடா," என்றாள் மார்ச்சே. "தூங்கட்டும். தூங்குறதுக்கு ஒருத்தராவது இருக்காரேன்னு சந்தோஷப்படு. இங்க ஒருத்தர் இருக்கார், படுக்கையில மீன் மாதிரி துள்ளுறார்."

சொன்னவளுக்கே அது உறைக்கவில்லை. இன்று நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. எண்ணெய் தின்கிறவன் விழித்துக் கிடக்கிறான், தின்னாதவன் குறட்டை விடுகிறான். கண்ணெதிரே கிடந்ததை அவள் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவும் இல்லை.

ஜூலை ஸ்கேனில் கிரைனின் புள்ளிகள் பாதியாகச் சுருங்கியிருந்தன. லேன்டர்ட்டின் புள்ளிகள் வளர்ந்திருந்தன. ஒரே ரத்தம், ஒரே மருந்து, ஒரே நாற்காலி வரிசை. டாக்டர் ஃபெனமாவே உதட்டைப் பிதுக்கினார்.

மார்ச்சேக்கு மட்டும் காரணம் தெரிந்தது. வலிக்குக் கேட்காத எண்ணெய் கட்டிக்குக் கேட்கிறது! காரில் திரும்பி வரும்போது பின்சீட்டில் அலீடா சத்தமில்லாமல் அழுதுகொண்டு வந்தாள். மார்ச்சே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், வாயைத் திறக்கவில்லை. கொழுந்தனுக்குச் சேர வேண்டிய மருந்தைத் தான் பதுக்கி வைத்திருக்கிறோம் என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் அலீடாவிடம் சொன்னால் செவ்வாய்க்கிழமைத் தையல் கூட்டத்தில் சொன்னதுபோல. புதன்கிழமை அது கிரைனின் காதில் விழும். அதனால் தன் புருஷன் பிழைத்தால் போதும் என்று இருந்துவிட்டாள். அந்தச் சனிக்கிழமை திரையைப் போட்டுவிட்டு, மிட்டாய்க்கு இரண்டு சொட்டாக விட்டாள்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை டாக்டர் நால்வரையும் ஒன்றாக வரச்சொன்னார்.

"குடல்ல கோடிக்கணக்குல நுண்ணுயிர்கள் இருக்கு," என்றார் டாக்டர் ஃபெனமா. ஒல்லியான பெண்மணி, மேஜைமேல் பாதி கடித்த ஆப்பிள். "உடம்போட காவல் படைக்கு அதுங்கதான் பாடம் எடுக்குது. இந்த மருந்து நல்லா வேலை செஞ்சவங்க குடல்ல ஒரு விதமான கூட்டம் இருக்கு, வேலை செய்யாதவங்ககிட்ட வேற விதம். அதனால ஒரு ஆய்வு நடத்துறோம். கிரைன், உங்க மலத்தச் சுத்தப்படுத்தி, உங்க தம்பி குடலுக்குள்ள செலுத்திப் பாக்கலாமான்னு நினைக்கிறோம். அந்த நல்ல கூட்டம் அவருக்குள்ளயும் குடியேறினா, மருந்து இன்னொரு தடவை புடிக்கலாம். நிச்சயம் இல்ல. ஆனா அவருக்கு இப்ப வேற வழி அதிகம் இல்ல."

லேன்டர்ட் அண்ணனைத் திரும்பிப் பார்த்தான்.

"அறுபது வருஷமா உன் பேச்சக் கேட்டுக்கிட்டு இருக்கேன். அது பத்தாதுன்னு இது வேறயா அண்ணே?"

கிரைனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பொறந்தநாளைக்கு என்ன வேணும்னு கேட்டேனே, இந்தா வெச்சுக்க."

சிரித்து முடித்ததும் டாக்டர் ஒரு தாளை எடுத்தார். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீர்களா? வெளிநாடு போனீர்களா? சக்தி மாவு, புளித்த பால் மருந்து? கிரைன் எல்லாவற்றுக்கும் இல்லை என்றான்.

"கஞ்சா எண்ணெய்?"

கிரைன் நாற்காலியில் நிமிர்ந்தான். "டாக்டர், நான் பத்து வருஷம் சபை மூப்பரா இருந்தவன்."

"மூப்பருங்களும் சாப்பிடுறாங்க. கோவப்படாதீங்க, எல்லாரையும் கேக்கணும். வலிக்கு அது சில பேருக்கு நல்லாவே உதவுது, நானே எழுதிக் குடுத்திருக்கேன். ஆனா இந்த மருந்து ஏறும்போது மட்டும் எங்களுக்கு ஒரு பயம் இருக்கு. இந்த மருந்து காவல எழுப்புது. அந்த எண்ணெய் காவலத் தாலாட்டித் தூங்கவைக்குதோன்னு சந்தேகம். குடல்ல இருக்குற கூட்டத்தயும் அது மாத்துது. எண்ணெய் எடுத்துக்கிட்டவங்களுக்கு மருந்து சரியாப் புடிக்கலன்னு சில கணக்குகள் சொல்லுது. முடிவாச் சொல்ல முடியாது. அதனால ரெண்டு பேர் ரத்தத்தயும் சோதிச்சிடுவோம். முடிவு வியாழக்கிழமை வந்துடும்."

மார்ச்சேயின் கை மடியில் இருந்த பையை இறுக்கியது. பைக்குள் நாளைக்கான நீல டப்பா இருந்தது. இப்போது சொல், இப்போதே சொல் என்று தொண்டைவரை வந்தது. கிரைன் அவள் பக்கம் திரும்பி, "என் பொண்டாட்டியக் கேளுங்க. என் வாயில என்ன போகுதுன்னு என்னைவிட அவளுக்குத்தான் தெரியும்" என்றான். டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் புன்னகைத்தாள். வேறென்ன சொல்ல, கோழை.

மறுநாள் ஞாயிறு அவள் நீல டப்பாவை அவன் பையில் வைக்காமல் அலமாரிக்குள் தள்ளினாள். அந்த ஐந்து நாளும் கிரைன் ஆஸ்பத்திரி கொடுத்த டப்பாவோடு கழிப்பறைக்குப் போவான்; வெளியே வந்து, "சுவத்துல எல்லார் பிறந்தநாளும் எழுதின காலண்டர் தொங்குது, நேரா கண்ணுக்கு எதிர்ல லேன்டர்ட் பேரு. அவன் பாத்துக்கிட்டே இருந்தா எனக்கு வருமா?" என்று அலுத்துக்கொள்வான். நவம்பர் இருபத்திரண்டில் லேன்டர்ட்டுக்கு அறுபது முடிகிறது. மார்ச்சே சிரிக்கவில்லை. வியாழக்கிழமை கிரைனின் ரத்தத்தில் கஞ்சா என்று தாள் வரும். இந்த வீடு உடையும். அதைவிட, லேன்டர்ட்டுக்கு இருந்த ஒரே வழியும் அடைபடும். எண்ணெய் ஊறிய குடலை யார் யாருக்குக் கொடுப்பார்கள்?

வியாழக்கிழமை காலை பத்து மணிக் காப்பி நேரத்தில் தொலைபேசி அடித்தது. கிரைன் எடுத்தான், கேட்டான், "சரி டாக்டர், சந்தோஷம் டாக்டர்" என்றான்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் மார்ச்சே.

"என் ரத்தம் சுத்தம். குடலும் முதல் தரமாம்."

சுத்தமா? ஐந்து மாதம், வாரம் ஒரு டப்பா. சோதனையில் தப்பு நடந்திருக்கும் என்று ஒரு மனம் சொன்னது. அதற்குக் கீழே ஏதோ ஒன்று, இன்னும் பெயர் வைக்காத பயம், மெல்ல நகர ஆரம்பித்தது.

பத்து நிமிஷத்தில் எதிர்வீட்டிலிருந்து லேன்டர்ட் வந்தான். பின்னாலேயே அலீடா, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல். அவன் முகம் சாம்பலாக இருந்தது.

"அண்ணே, என் ரத்தத்துல கஞ்சா இருக்காம். நிறைய இருக்காம். ஆய்வுல சேத்துக்க முடியாதுன்னுட்டாங்க."

கிரைன் எழுந்து நின்றான். "நீ தின்னியா?"

"சத்தியமா இல்ல. அது எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது."

"தெரியாமயா ரத்தத்துல வரும்? யோனாவுக்குச் சிரிச்சியே, அது எங்கேருந்து வந்துச்சு? அத்தனை பேர் முன்னாடி குறட்டை விட்டியே? போதைதானே! நான் என் மலத்த டப்பாவுல புடிச்சுப் பிரிஜ்ல பாலாடைக்கட்டி பக்கத்துல வெச்சுக்கிட்டு இருக்கேன், நீ போதையத் தின்னுட்டு என் மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்ற!"

"அண்ணே, நம்ம அப்பா சமாதி மேல சத்தியமா."

"அப்பாவ இழுக்காத. ஞாயித்துக்கிழமை என் பக்கத்துல உக்காராத."

அலீடா ஒருமுறை கிரைனைப் பார்த்தாள், ஒருமுறை மார்ச்சேயைப் பார்த்தாள், புருஷனின் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். தெருவைக் கடக்கும்போது அவன் கால் இடறியது.

மார்ச்சே அலமாரியைத் திறந்து நீல டப்பாவை மேஜைமேல் வைத்தாள்.

"இது யாரு தின்னா?" என்று கேட்டாள்.

கிரைனுக்கு முதலில் புரியவில்லை. "என்ன?"

"கிரைன், நான் வாராவாரம் உன் பையில வெச்சது. அத நீதானே தின்ன? சொல்லு, நீதானே?"

அவன் கோபம் கொஞ்சம் தடுமாறியது. பிடிபட்டவன்போலத் தாடையைச் சொறிந்தான். "முதல் தடவை வாயில போட்டதுமே தார் மாதிரி கசந்துச்சு. பழைய சரக்கு வாங்கிட்டே போலன்னு நினைச்சேன். சொன்னா நீ வருத்தப்படுவ, இருக்குற கஷ்டத்துல இது வேறயான்னு விட்டுட்டேன். லேன்டர்ட் ஒண்ணு வாங்கிப் போட்டான். அவன் செத்த நாக்குக்கு இது ஒண்ணுதான் தெரியுதுன்னான். அப்புறம் டப்பாவோட அவன்கிட்டயே குடுத்துடுவேன். சனிக்கிழமை காலி டப்பாவத் திருப்பிக் குடுப்பான். ஏன்?"

மார்ச்சே சொன்னாள். தீனாவின் வீடு, சீசா, திரை, ஒரு சொட்டு, பிறகு இரண்டு சொட்டு. எதையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது காப்பி ஆறிப் போயிருந்தது. கிரைன் திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள்; அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள். அவன் டப்பாவைத் திறந்து ஒரு மிட்டாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"நான்தான் குடுத்தேன்," என்றான். "என் கையாலதான் குடுத்தேன்."

இருவரும் தெருவைக் கடந்து போனார்கள். லேன்டர்ட்டின் சமையலறையில் நின்றுகொண்டே மார்ச்சே இரண்டாம் முறை எல்லாவற்றையும் சொன்னாள். கிரைன், "தம்பி, நான் உன்னைப் பொய்யன்னு சொன்னேன்" என்றான்.

லேன்டர்ட் ஜன்னல் பக்கம் திரும்பினான். "தூக்கம் குடுத்ததுக்கு அஞ்சு மாசமா ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கிட்டு இருந்தேன் அண்ணி," என்றான். "உனக்குல்ல சொல்லியிருக்கணும்."

அவன் சிரிக்கப் பார்த்தான். அலீடா சிரிக்கவில்லை. அவள் குரல் தாழ்ந்திருந்தது, அதுதான் பயமாக இருந்தது. "தலைவலின்னு சொன்ன. வெளிச்சம் குத்துதுன்னு சொன்ன. எதிர்வீடு மார்ச்சே. பத்து அடி. எண்ணெய் நல்லதுன்னு நீ நினைச்சப்பவும் என்கிட்ட சொல்லல. கெட்டதுன்னு டாக்டர் சொன்னப்பவும் சொல்லல. போ. என் வீட்ட விட்டுப் போ."

விஷயத்தைத் தொலைபேசியில் சொன்னபோது டாக்டர் ஃபெனமா கத்தவில்லை, குறையும் சொல்லவில்லை. "இதனாலதான் மருந்து புடிக்கலன்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்ல. இதனால இல்லன்னு சொல்லவும் இல்ல. ரத்தம் சுத்தமாகட்டும். ஆறு வாரம் கழிச்சு அண்ணனோடத வெச்சு ஆரம்பிக்கலாம். நேரம் கிடைக்கணும்னு வேண்டிக்கோங்க."

வேண்டிக்கொண்டார்கள். கிரைன் தினம் காலையில் தன் டப்பாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினான், அங்கே அதை உறைய வைத்துக் காத்திருந்தார்கள். வேலைக்குப் போகிறவனைப்போல நேரம் தவறாமல் சாப்பிட்டான், நடந்தான். தம்பிக்காகத் தன் குடலைக் காவல் காத்தான். எதிர்வீட்டில் லேன்டர்ட் மிட்டாய் இல்லாமல் கிடந்தான். வலி முதுகிலிருந்து இடுப்புக்கு இறங்கியது. ஆஸ்பத்திரி மாத்திரை வயிற்றைப் புரட்டியது. தூக்கம் போயே போய்விட்டது. இரண்டு வீட்டுக்கும் நடுவே அலீடா மார்ச்சேயைப் பார்த்தால் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

ஐந்தாவது வாரம் லேன்டர்ட்டின் இடது கை விழுந்தது. புற்று மூளைக்குப் போய்விட்டது என்றார்கள். இனி ஆய்வு இல்லை. இனி மருந்தும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவேன் என்று அவன் பிடிவாதம் பிடித்தான். கிரைன் அவனை ஏறக்குறையத் தூக்கிக்கொண்டு வந்து சுவரோரத்தில் தன் பக்கத்தில் உட்காரவைத்தான். மார்ச்சே நடுவரிசையில். இரண்டு வரிசை முன்னால் அலீடாவின் கறுப்புத் தொப்பி. போதகர் முதல் பங்கைத் தொடங்கினார். டப்பாக்கள் கிளிக் கிளிக்கென்றன. கிரைன் ஒரு சாதா பெப்பர்மிண்டைத் தம்பியின் உள்ளங்கையில் வைத்தான். லேன்டர்ட் அதை முகர்ந்து பார்த்தான், திருப்பிக் கொடுத்தான்.

பிறகு அவன் செய்ததை அந்தச் சபையில் எந்த ஆணும் செய்ததில்லை. பிரசங்கம் நடக்கும்போதே முழு உடம்போடு பெண்கள் பக்கம் திரும்பினான். மார்ச்சேயைத் தேடிக் கண்டுபிடித்தான். நல்ல கையை நீட்டினான்.

போதகர் நிறுத்திவிட்டார். அத்தனை தலையும் திரும்பியது.

அவள் பைக்குள் நீல டப்பா இருந்தது. எதையும் தூக்கிப்போடத் தெரியாத கை அவளுடையது. கடைசி டப்பாவை எறிய மனம் வராமல், வீட்டில் வைக்கவும் துணியாமல், ஐந்து வாரமாகச் சுமந்துகொண்டிருந்தாள். எழுந்தாள். முழங்கால்களைத் தாண்டித் தாண்டி வெளியே வந்து, நடுவழியைக் கடந்து, சுவரோரத்துக்குப் போய் டப்பாவை நீட்டினாள். யாருக்கும் தெரியாமல் ஐந்து மாதம் கொடுத்ததை இப்போது ஊரே பார்க்கக் கொடுத்தாள். அவள் முகம் எரிந்தது.

டப்பாவை வாங்கியது கிரைன். திறந்து ஒன்றை எடுத்தான். தீனாவின் மகனுக்கு அப்பம் மறுத்த கையால் அதைத் தம்பியின் நாக்கில் வைத்தான். அந்த அமைதியில் மிட்டாய் பல்லில் பட்ட சத்தம்கூடக் கேட்டது.

"தெரியுது அண்ணே," என்றான் லேன்டர்ட். "கசக்குது."

மூன்றாம் பங்கு வருவதற்குள் அவன் அண்ணன் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தான். யாரும் எழுப்பவில்லை.

நவம்பர் பதினேழாம் தேதி காலை, வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மார்ச்சே ஜன்னலோரம் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது கிரைன் எதிர்வீட்டிலிருந்து வந்தான். வாசலிலேயே நின்றான், தொப்பி கையில் இருந்தது.

"போயிட்டானா?"

அவன் தலையாட்டினான். "அலீடா உன்னைக் கூப்பிடுறா."

"என்னையா? அவ என்கிட்டப் பேசியே ரெண்டு மாசமாச்சு."

"ஜன்னலுக்குத் திரை போடணுமாம். மார்ச்சே வரட்டும், பகல்ல திரை போட்டுப் பழகினவ அவதான்னா."

மார்ச்சே கத்தியைக் கீழே வைத்துக் கையைத் துடைத்தாள். தெருவைக் கடந்து போனாள். அலீடா படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், திரும்பவில்லை. பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாக இருந்தது. அதைக் கையால் தட்டிக் காட்டவும் இல்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. மார்ச்சே ஜன்னலுக்குப் போனாள். எதிரே தன் வீட்டுச் சமையலறை பளிச்சென்று தெரிந்தது: மேஜை, அலமாரி, அலமாரியில் சிவப்பு டப்பா. எல்லாம் இங்கிருந்து இவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று அவள் நினைத்ததே இல்லை. திரையின் இரண்டு ஓரங்களையும் பிடித்து, நடுவில் இடைவெளி இல்லாமல் இழுத்து மூடினாள்.